உட்கார்ந்து சொன்ன சேதி

முத்துசாமி லேப் தரையில் சரிந்தபோது அவர் கையில் இருந்தது வெறும் சர்க்கரை ரிப்போர்ட்.

வெறும் வயிற்றில் நூற்று எண்பது. சாப்பிட்ட பிறகு இருநூற்று அறுபது. வில்லியனூரிலும் பாகூரிலும் வீட்டுக்கு ஒருவர் அந்த எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் டீக்கடையில், 'சக்கரை தூக்கலா ஒண்ணு' என்று கேட்கிறார். அதற்காக இதுவரை யாரும் கீழே விழுந்ததில்லை.

"தண்ணி! யாராச்சும் தண்ணி குடுங்களேன்!" என்று அலறினாள் கூட வந்த மகள் மஞ்சுளா. "நல்லாத்தான இருந்தாரு! இந்தாளு வந்து இன்னாத்த சொன்னாரோ!"

இந்தாளு என்று அவள் கை காட்டியது கில்பர்ட்டை. நீலக் கோட்டு, நாற்பத்தாறு வயது, இருபத்திரண்டு வருட லேப் அனுபவம். கவுண்டரை விட்டு வெளியே வந்து, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கோத்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, இடது கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தான். மைக்ராஸ்கோப்பில் ஒற்றைக்கண் போட்டே பழகியவன். எதைக் கவனமாகப் பார்த்தாலும் இடது கண் தானாக மூடிக்கொள்ளும்.

அவன் சொன்னது மூன்றே சொல். 'ஐயா, ஒரு சேதி.' சர்க்கரை என்ற சொல்லுக்கு வருவதற்குள் முத்துசாமி போய்விட்டார்.

முகத்தில் தண்ணீர் அடித்து, பெஞ்சில் படுக்கவைத்து, விசிறியதும் கண்ணைத் திறந்தார்.

"எத்தினி நாளு இருக்குது எனக்கு?"

"சக்கரைதாங்க. மாத்திரை போட்டா அடங்கிடும்."

"சக்கரையா?" எழுந்தே உட்கார்ந்துவிட்டார் முத்துசாமி. "யோவ், சக்கரைக்கா வந்து அப்டி நின்ன? எங்க மாமன் செத்தப்ப ஒருத்தன் செலியமேட்டுக்கு இதேமாரிதான்யா வந்து நின்னான். கையக் கோத்துக்கினு, தலையச் சாச்சுக்கினு, 'ஒரு சேதி'ன்னு. மங்கலத்துப் பக்கத்து ஆளு. சவரிமுத்துன்னு பேரு."

"எங்கப்பாதாங்க" என்றான் கில்பர்ட்.

முத்துசாமி மறுபடியும் படுத்துக்கொண்டார்.

*

லேப் வில்லியனூர் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், பெரிய வீட்டுப் புகழேந்தியின் கட்டடத்தில் இருந்தது. முதலாளி டாக்டர் கலைவேந்தன். அங்கே கில்பர்ட்டின் வேலை மேசையை விட்டு அசையாத வேலை. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தை இழுத்து, சாயம் ஏற்றி, காயவைத்து, லென்சுக்கு அடியில் எண்ணெய்த் துளி விட்டு, வெள்ளை அணுக்களை வகைவகையாக நூறு வரை எண்ணுவான். இடது கையில் எண்ணும் கருவி டிக் டிக் என்று ஓடும். அந்தச் சத்தம்தான் அவன் பேச்சு. 'கில்பர்ட் இன்னைக்கு வந்தாரா' என்று பக்கத்து அறையில் கேட்டால், 'டிக் டிக்னு கேக்குதே' என்பார்கள்.

ஜூன் மாதம் மூன்று அட்டைப்பெட்டிகளில் மெஷின் வந்தது. கண்ணாடித் துண்டை உள்ளே தள்ளினால் இரண்டு நிமிடத்தில் அணுக்களைச் சுற்றிக் கலர் கலராகக் கட்டம் போட்டு, எண்ணி, பெயர் எழுதி, நோயாளியின் போனுக்கே ரிப்போர்ட் அனுப்பிவிடும். டாக்டர் ஒரு மாதம் இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்தார். மெஷின் பார்த்த இருநூற்றுப் பதினான்கு துண்டுகளைக் கில்பர்ட்டும் பார்த்தான். கடைசியில் கணக்குச் சொன்னவனும் அவனே.

"ரெண்டு எடத்துல அது தப்பு சார். அஞ்சு எடத்துல நான் தப்பு."

அதோடு அவன் கதை முடிந்திருக்கும். முடியாமல் போனதற்குக் காரணம் ஜெயசுதா என்ற ஒரு பெண். நெட்டப்பாக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அவளுக்கு ரிப்போர்ட் வந்தது. புரியாத ஒரு வார்த்தையைப் போனிடமே கேட்டாள். போன் நல்ல தமிழில், மரியாதையாக, ஒன்றுவிடாமல் விளக்கியது. அவள் தன் ஊருக்கு நாலு ஸ்டாப்பு முன்னாலேயே இறங்கி, நிழலில்லாத இடத்தில் சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். புருஷன் தேடி வந்து கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டர் மறுநாள் கில்பர்ட்டைக் கூப்பிட்டார்.

"போன் சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்லய்யா. சொன்ன எடம்தான் தப்பு. இனிமே பயப்படறமாரி ரிப்போர்ட் எதுவும் போனுக்குப் போவாது. நேர்ல வரணும், ஒரு ஆளு சொல்லணும். நோய்க்கு வைத்தியம் சொல்ல வேணாம், அது எங்க வேலை. 'இப்டி ஒண்ணு தெரியுது, நாளைக்கே இந்த எடத்துக்குப் போவணும், இவரைப் பாக்கணும்.' அவ்ளோதான். அந்த ஆளு நீ."

"நான் பேசமாட்டன் சார்."

"தெரியுது. அதான் கத்துக்கணும். எண்றதுக்கு மெஷின் வந்துடுச்சி, இனிமே லேப்ல மனுசனுக்கு மிச்சம் இது ஒண்ணுதான். தீபாவளி வரைக்கும் டைம். அதுக்குள்ள வரலன்னா எனக்கும் வேற வழியில்ல."

டாக்டர் புதுச்சேரி டவுன்காரர். கில்பர்ட் பிறந்த மங்கலம் பக்கத்துக் காலனிக்கும் அதற்கு எதிரே இருந்த ஊர்த்தெருவுக்கும் நடுவில் என்ன ஓடியது என்று அவருக்குத் தெரியாது. என்ன வேலையைக் கொடுத்தோம் என்பதும் தெரியாது.

*

சாவுச் சேதி சொல்லப் போவது கில்பர்ட் வீட்டில் மூன்று தலைமுறையாக இருந்தது. விருப்பப்பட்டு எடுத்த வேலை இல்லை. ஊர்த்தெருவில் உயிர் போனால் காலனியிலிருந்து ஒருவன் கிளம்பியாக வேண்டும். சொந்தக்காரர்கள் எந்த ஊரில் இருந்தாலும் போய்ச் சொல்ல வேண்டும். கூலி ஒரு மரக்கால் நெல்லும் கட்டிக் கிழிந்த வேட்டியும்.

சேதி கொண்டுபோகிறவன் தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். வீட்டு நிழலில் ஒதுங்கக்கூடாது. உட்காரக்கூடாது. தண்ணீர் கேட்கக்கூடாது. நின்று சொல்லி, நின்றபடியே திரும்ப வேண்டும். இதெல்லாம் ஊர் வைத்த சட்டம்.

சவரிமுத்து தானாக வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. வாயைத் திறப்பதற்கு முன்னால், 'அடுப்பு எரியுதாம்மா? உலைய இறக்கிட்டு வாங்க' என்பார். ஒருமுறை சேதி கேட்டு எல்லோரும் தெருவுக்கு ஓடியதில் பாகூரில் ஒரு கூரை பற்றிக்கொண்டதாம். அதிலிருந்து அந்த வழக்கம்.

பெரிய வீட்டுக்காரர், அதாவது புகழேந்தியின் அப்பா, செத்த அன்று சவரிமுத்து பதிமூன்று ஊருக்குச் சைக்கிள் மிதித்தார். மடுகரையில் ஆரம்பித்து, நெட்டப்பாக்கம், பாகூர் சுற்றி, செலியமேட்டில் முடித்தார். பதிமூன்று வாசலில் நின்றார். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பங்கூர் டீக்கடையில் ஒரு டீ சொன்னார். கடைக்காரர் கிளாசில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"சவரி, உன் பொஞ்சாதி உசுரு ஆஸ்பத்திரில காலைலயே பூட்டுச்சாமே. உனக்குத் தெரியாதா?"

அந்த டீயை அவர் குடித்தாரா என்று கில்பர்ட்டுக்கு இன்றுவரை தெரியாது. சைக்கிளை அடுத்த வாரம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார் என்பது தெரியும். பிறகு கில்பர்ட்டுக்குப் பெண் கேட்டுப் போனபோது ஆரோக்கிய செல்வியின் அப்பா, 'சேதி தூக்கற வூட்ல பொண்ணு குடுக்கறதில்ல' என்று தலையை ஆட்டினார். சவரிமுத்து பங்குச் சாமியாரைச் சாட்சி வைத்துச் சொன்னார்: 'இனிமே எங்க வூட்ல எவனும் சேதி தூக்க மாட்டான்.'

செல்வி அந்த ஒரு வாக்கியத்தை நம்பி வந்தவள்.

*

முத்துசாமி விழுந்த கதை இரண்டாவது நாளே நடவு வயலுக்கு வந்துவிட்டது. செல்வி அப்போது முழங்கால் சேற்றில் இருந்தாள். நடவு மெஷின் வந்த பிறகு அவர்கள் செட்டில் பன்னிரண்டு பெண்கள் ஐந்தாகிவிட்டார்கள். மெஷின் சதுரமாக நட்டுக்கொண்டு போய்விடும். திரும்ப முடியாத மூலைக்கும் வரப்பு ஓரத்துக்கும் பெண்கள் வேண்டும்.

சாயந்திரம் கில்பர்ட் வீட்டுக்கு வந்தபோது அவள் குழாயடியில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பில் சேறு போய், தோலும் போய்விடும் போலிருந்தது.

"நின்னியாமே?"

"இன்னா?"

"இன்னாவா? செலியமேட்டாளு முன்னாடி கையக் கோத்துக்கினு நின்னியாமே. 'உன் வூட்டுக்காரரு மறுபடியும் சேதி சொல்லக் கெளம்பிட்டாராமே'ன்னு தேவானை கேக்கறா. நாலு பேரு முன்னாடி. நாத்துமுடிய அவ மூஞ்சிலயே அடிச்சிருப்பன்."

"லேப்ல அந்த வேலைதான் இருக்குதாம்."

"வேற லேப்பு இல்லியா ஊர்ல?"

"எல்லாத்துலயும் மெஷின் வந்துடுச்சி."

"வரட்டுமே. எங்க வயல்லயும்தான் வந்துச்சி. மூலைய உட்டுட்டுப் போவுது, நடறோம். அதுக்காவ உங்கப்பா நின்ன எடத்துல போயி நிப்பியா? அவரு சாமியாரு முன்னாடி இன்னா சொன்னாரு?"

"சொன்னாரு."

"எங்கப்பன் அந்தப் பேச்சுக்காவத்தான் குடுத்தான். 'மாப்ள கோட்டு போட்டுக்கினு உக்காந்த எடத்துல வேலை செய்றாரு'ன்னு ஊரெல்லாம் சொன்னான். செத்துட்டான், நல்லவேளை."

"செல்வி, தீபாவளி வரைக்கும் பாப்பம்."

"நீ தீபாவளி பாரு, பொங்கலு பாரு. நின்னன்னு இன்னொருவாட்டி என் காதுல உழுந்துச்சி..." முடிக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மதியம் கில்பர்ட் டிபன் கேரியரைத் திறந்தான். மேல் அடுக்கில் சோறு. கீழ் அடுக்கிலும் சோறு. குழம்பு இல்லை. பேச்சை நிறுத்தினால் சண்டை என்று ஊருக்குத் தெரியும். குழம்பை நிறுத்தினால் புருஷனுக்கு மட்டும்தான் தெரியும். செல்வி விவரமானவள்.

*

பயிற்சி கொடுக்கப் புதுச்சேரியிலிருந்து சுகன்யா வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மூன்று நாள் வகுப்பு, மாணவன் ஒரே ஒருவன். உணர்வுத் திறன் என்றாள். வேலைச் சந்தையில் இனிமேல் இதுதான் சோறு போடும் என்றாள். முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே வைத்தாள்.

"கில்பர்ட் சார், என்னைப் பாருங்க. கண்ணைப் பாருங்க. சார், கண்ணடிக்காதீங்க."

"அடிக்கலம்மா. அதுவா மூடிக்குது."

"தெரியுது, ஆனா பேஷன்ட் தப்பா நினைப்பாங்க. சரி, நான்தான் பேஷன்ட். என் ரிப்போர்ட் மோசம். சொல்லுங்க."

கில்பர்ட் எழுந்து நின்றான்.

"ஏன் சார் எழுந்தீங்க?"

அதுதான் அவனுக்கும் விளங்கவில்லை. அப்பா சேதி சொன்ன எந்த வாசலிலும் அவன் இருந்ததில்லை. கூடப் போனதும் இல்லை. ஆனால் கெட்டது சொல்ல வேண்டும் என்று நினைத்த உடனே முழங்கால் நிமிர்ந்துவிடுகிறது. கை தானாகப் போய்க் கோத்துக்கொள்கிறது.

சுகன்யா நல்ல வாத்தியார்தான். சொன்ன பிறகு நாலு செகண்டு நிறுத்தணும் என்றாள். 'கவலைப்படாதீங்க'ன்னு சொல்லக்கூடாது, ஏன்னா அது கவலைப்பட வேண்டிய விஷயம் என்றாள். கஸ்டமரிடம் 'முடியாது' என்ற வார்த்தையே வரக்கூடாது என்றாள். எல்லாவற்றையும் கில்பர்ட் நோட்டில் எழுதிக்கொண்டான். உடம்பு நோட்டைப் படிக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை வரைக்கும் எழுந்து எழுந்து நின்றான்.

நான்காம் நாள் காலை ஒரு காரியம் செய்தான். பின்பக்கத்து ஸ்டோர் ரூமிலிருந்து தன் நாற்காலிக்கு ஜோடியான இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்தான். கவுண்டருக்குப் பக்கத்து அறையில் இரண்டையும் எதிரெதிரே, முட்டி இடிக்கிற தூரத்தில் போட்டான். இடம் அவ்வளவு நெருக்கம். எழுந்தால் எதிராளி மேலேயே விழ வேண்டும். தன் காலைத் தானே கட்டிப்போட்டுக்கொண்டான்.

அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவள் கரியமாணிக்கத்துக் கலியம்மாள். உடம்பில் ரத்தம் பாதிதான் இருந்தது, சிறுநீரகமும் சரியில்லை. கில்பர்ட் தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். இடது கண் மூடியது. திறந்துகொண்டான். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று நோட்டில் எழுதியிருந்தது. அது வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

"யாரு கூடம்மா வந்தீங்க?"

"பஸ்ஸு கூடத்தான்."

"வூட்ல யாரு இருக்காங்க?"

"மருமவ இருக்கறா. நல்லவதான், இன்னா, வாய் கொஞ்சம் நீளம்."

"போன் நெம்பரு இருக்குதா? அவங்க வரட்டும். வந்தப்புறம் ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்றன். நீங்க தனியா தூக்கிக்கினு போவ வேணாம்."

கலியம்மாள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப கனமாத்தான் இருக்குது" என்றாள். பிறகு இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். மருமகள் வரும்வரை அவள் ஆட்டுக்குட்டி தொலைந்த கதையைச் சொன்னாள். கில்பர்ட் கேட்டான். கேட்பது அவனுக்குச் சிரமமாக இல்லை. லென்சுக்குள் பார்ப்பது மாதிரித்தான் இருந்தது. அவசரப்பட்டால் ஒன்று விட்டுப்போகும்.

செப்டம்பர் போய் அக்டோபர் வந்தது. யாரும் விழவில்லை. டிபன் கேரியரில் குழம்பும் வரவில்லை.

*

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. பகல் மூன்று மணி. காலையிலிருந்து பிடித்த மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மெஷின் ஒரு கண்ணாடித் துண்டில் சிவப்புக் கட்டமாகப் போட்டுத் தள்ளியது. கில்பர்ட் பெயரைப் பார்த்தான். புகழேந்தி, ஐம்பத்திரண்டு.

துண்டை வெளியே எடுத்தான். பழைய மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றினான். எண்ணெய் விட்டான். டிக் டிக் என்று மூன்று மாதத்துக்குப் பிறகு சத்தம் கேட்கவே, டாக்டர் தன் அறைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். நூறு எண்ணினான். மறுபடி ஒரு நூறு எண்ணினான். டாக்டரையும் பார்க்கச் சொன்னான். அவரும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கட்டட ஓனரு. நான் சொல்லட்டுமா?" என்றார்.

"கார் வந்துடுச்சி சார்" என்றான் கில்பர்ட்.

புகழேந்தி குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு மாதத்தில் கழுத்துப் பட்டை தொளதொளத்திருந்தது.

"சவரிமுத்து மவன்தான நீ?"

"ஆமாங்க. உக்காருங்க."

"இருக்கட்டும், நிக்கறன். சட்னு சொல்லு, வேலை இருக்குது."

"நீங்க உக்காந்தாதாங்க சொல்லுவன்."

புகழேந்தி நாற்காலியைப் பார்த்தார். உட்கார்ந்தார். முட்டியும் முட்டியும் இடித்தது.

"யாரு கூட வந்தீங்க?"

"வூட்டுக்காரி தேவிதான். கார்ல இருக்கறா. ஏசி போட்டு உட்டுட்டு வந்தன்."

"வரும்போது வண்டி யாரு ஓட்டனது?"

"நான்தான். ஏன்?"

"போவும்போது அவங்க ஓட்டுவாங்களா?"

"ஓட்டுவா, அவளுக்கு லைசென்சு..." புகழேந்தி நிறுத்தினார். "சொல்லு" என்றார்.

"ரத்தத்துல இருக்கக்கூடாத அணு இருக்குது. நூத்துக்கு நாப்பது. மெஷின் சொல்லிச்சி. நானும் ரெண்டுவாட்டி எண்ணிப் பாத்தன். டாக்டரும் பாத்தாரு."

"தப்பா இருக்காதா?"

"இருந்தா நல்லாருக்கும். எனக்கு அப்டித் தெரியல."

"செத்துடுவனா?"

"அதச் சொல்ற படிப்பு எனக்கு இல்லங்க. வைத்தியம் இருக்கற நோவுதான். ஆனா நாளு தள்ளக்கூடாது. நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரில இருக்கணும். எங்க போவணும், யாரைப் பாக்கணும், எல்லாம் இந்தத் தாள்ல இருக்குது. டாக்டரும் போன் பண்ணிடுவாரு."

சுகன்யா சொன்ன நாலு செகண்டு கழிந்தது. நாற்பதும் கழிந்திருக்கும். புகழேந்தி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கே ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

"ஒரு ஒத்தாசை பண்ணு" என்றார் கடைசியில். "நீ போயி தேவிகிட்ட சொல்லிடு. கண்ணாடிய எறக்கச் சொல்லி, அப்டியே நின்னு சொல்லிட்டு வந்துடு. எனக்கு வாய் வராது. உங்களுக்கெல்லாம் பழக்கம்தான? எங்கப்பா போனப்ப உங்கப்பாரு பதிமூணு ஊருக்கு ஒரே நாள்ல சொன்னாரே. எங்க வூட்ல இன்னும் சொல்லுவாங்க."

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. முழுகுகிறவன் கைக்கு அகப்பட்டதைப் பிடிப்பான். அவர் கைக்கு அகப்பட்டது அப்பா காலத்து வழக்கம்.

கில்பர்ட்டுக்கு முழங்கால் நிமிர்ந்தது. அதை அவன் உணர்ந்தான். கோட்டுப் பையில் இருந்த கை இரண்டும் வெளியே வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் நின்றிருந்தார். தலைக்கு மேலே இருந்தது புகழேந்தியின் கட்டடம். நோட்டில் எழுதியிருந்தது: கஸ்டமரிடம் 'முடியாது' சொல்லாதே.

"முடியாதுங்க" என்றான்.

"இன்னா?"

"நான் சொல்லவேண்டியது உங்ககிட்ட. சொல்லிட்டன். அவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும்." குரல் ஏறவில்லை. "அந்தப் பதிமூணாவது ஊரு முடிச்சிட்டு வந்தப்பதாங்க எங்கம்மா செத்தது எங்கப்பாவுக்குத் தெரிஞ்சுது. டீக்கடைல. சக்கரை போட்டுக்கினே சொன்னான் ஒருத்தன்."

புகழேந்தி நிமிர்ந்து பார்த்தார்.

"அது எனக்குத் தெரியாதே."

"தெரிஞ்சிருக்காதுங்க. உங்ககிட்ட யாரு வந்து சொல்லிருப்பாங்க."

கில்பர்ட் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்; எதிராளி எழுவதற்கு இடம் உண்டானது.

"எப்டிச் சொல்றதுன்னு வேணும்னா இங்க ஒருவாட்டி சொல்லிப் பாத்துட்டுப் போங்க. என்னை அவங்கன்னு நெனச்சுக்கங்க."

"உன்னையா?"

"இங்க வேற யாரு இருக்கறா?"

புகழேந்தி எழுந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையைக் கோத்துக்கொண்டார்.

"தேவி... ஒண்ணும் இல்ல, நீ ஒண்ணும் பயப்படாத..."

"ஒண்ணும் இல்லன்னு ஆரம்பிச்சீங்கன்னா அப்பவே பயந்துடுவாங்க."

"அப்ப இன்னாதான்யா சொல்றது?"

"மொதல்ல இன்ஜின ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ஓடற வண்டில சொல்லாதீங்க."

"செரி. தேவி, இன்ஜின ஆஃப் பண்ணு. ரிப்போர்ட் வந்துடுச்சி. ரத்தத்துல..." கோத்த கையைப் பிரித்துத் திரும்பக் கோத்தார். "ரத்தத்துல கெட்ட அணு இருக்குதாம். நாளைக்குக் காலைல கோரிமேடு போவணும். நீ கூட வரணும்."

"அந்தக் கடைசி வார்த்தை போதும். அத உட்டுடாதீங்க" என்றான் கில்பர்ட். "ஜன்னல் வழியா நின்னுக்கினு மட்டும் சொல்லாதீங்க. உள்ள போயி, பக்கத்துல உக்காந்து சொல்லுங்க."

இதையெல்லாம் டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்கவில்லை. கட்டட ஓனர் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறார், தன் ஊழியன் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ திருத்துகிறான். ஓடி வரலாம் என்று கதவு வரைக்கும் வந்தவர், புகழேந்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினார்.

புகழேந்தி குடையை எடுக்காமலே மழையில் இறங்கினார். கார்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். கண்ணாடியில் இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருந்த வைப்பர் பாதியில் நின்றது. மழை கண்ணாடியை மூடிக்கொண்டது. உள்ளே நடந்தது யாருக்கும் தெரியவில்லை.

கால் மணி நேரம் கழித்துத் தேவி இறங்கினாள். நனைந்துகொண்டே காரைச் சுற்றி வந்து ஓட்டுகிற பக்கம் ஏறினாள்; புகழேந்தி உள்ளேயே பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தார். வைப்பர் ஓட ஆரம்பித்தது.

"இன்னாய்யா நடந்துது உள்ள?" என்றார் டாக்டர்.

"சொல்லிட்டன் சார்."

"அவரு ஏன் நின்னாரு?"

"கத்துக்கினு இருந்தாரு."

டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "சுகன்யா மார்க்கு அனுப்பிச்சிருக்கா. நூத்துக்கு நாப்பத்தொண்ணு. அறுபதுக்குக் கீழன்னா ஃபெயிலாம்."

"கண்ணு மூடனதுக்கா சார்?"

"கண்ணுதான்." தாளை இரண்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். "நாளைக்கு எட்டரைக்கு வா. முத்துசாமி சக்கரை பாக்க வர்றாரு. 'நிக்கமாட்டான்னு உறுதி குடுத்தாதான் வருவன்'னு மவகிட்ட சொல்லி அனுப்பிச்சிருக்காரு."

*

கில்பர்ட் வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. பொழுது இன்னும் சாயவில்லை. ஈர விறகு பற்றாமல் வாசல் வாசலாகப் புகை. செல்வி வீட்டில் காஸ் அடுப்பு. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வாசனை தெரு முனைக்கே வந்துவிட்டது. யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்தது. அவள் திரும்பவில்லை, கரண்டி மட்டும் நின்றது.

"பெரிய வூட்டுக்காரு லேப்புக்கு வந்தாராமே."

"வந்தாரு."

"உன்னாண்டதான் பேசனாராமே."

"என்னாண்டதான்."

"நின்னியா?"

"இல்ல. உக்காந்திருந்தன்."

"அவரு?"

"அவருதான் நின்னாரு."

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. செல்வி மெதுவாகத் திரும்பினாள். அவன் முகத்தில் எதையோ தேடினாள். இரண்டு கண்ணும் திறந்துதான் இருந்தது.

"அவருக்கு இன்னான்னு கேக்காத. வெளில சொல்லக்கூடாது" என்றான்.

"அது எனக்கெதுக்கு."

துணியைப் பிடித்துக் குழம்புச் சட்டியை இறக்கிக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். சிலிண்டர் வாயையும் திருகி மூடினாள். பிறகு அவனுக்கு எதிரே, முட்டி இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தாள்.

"எப்டி நின்னாரு? அதச் சொல்லு."